கல்யாண மேடைச் சோபாவில் ஒரு சிப்பி: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், பழைய வீடுகளின் மரவேலை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது 'ரொக்கோகோ' என்ற ஐரோப்பியக் கலைப்பாணியின் பெயரை விளக்கமின்றிக் குறிப்பிட்டுவிட்டேன். அது என்ன பாணி என்று கேட்டுத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களே இந்தப் பகுதியை நிரப்பப் போதுமானவையாக இருக்கின்றன. கேட்டவர்களுள் பலர் கையால் வேலை செய்கிறவர்கள் என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. இந்தக் கலையை ஓவியர்களின் பெயர்களைக் கொண்டு அறிவதைவிட, தச்சர், சுதைக்காரர், தங்கத்தாள் ஒட்டுபவர் ஆகியோரின் கைகளைக் கொண்டு அறிவதே சரியான வழி என்று நான் நெடுங்காலமாக நம்பி வருகிறேன். இந்த இதழில் முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: கல்யாண மண்டபங்களில் மணமக்கள் அமர்வதற்காக நாங்கள் கொண்டுபோய்ப் போடும் பொன்னிறச் சோபாவை 'மகாராஜா சோபா' என்று சொல்வது வழக்கம். அதைப் பார்த்த என் மகள், இது ரொக்கோகோ பாணி என்கிறாள். உண்மையா? அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?
– மேடை அலங்காரத் தொழில் செய்யும் வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: தங்கள் மகள் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. தங்கள் கடிதம் வந்த வாரத்திலேயே கிருஷ்ணகிரியில் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்குச் செல்ல நேர்ந்ததால், வரவேற்பு முடிந்து கூட்டம் பந்திக்கு நகர்ந்த பிறகு மேடையேறி அப்படியொரு சோபாவை அருகில் நின்று பார்த்தேன். முதுகுச் சாய்மானத்தின் உச்சியில் விசிறிபோல விரிந்த ஒரு சிப்பி. அதன் இரு பக்கமும் ஆங்கில 'சி' எழுத்தைப் போலச் சுருண்டு இறங்கும் வளைவுகள். அவற்றிலிருந்து கிளைக்கும் இலைகள். மேலே வெளிப்புறம் புடைத்துக் கணுக்காலருகே உள்வாங்கி நிற்கும் கால்கள். இவை அனைத்தும் 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பாரிஸ் நகரத்துத் தச்சர்களும் மரச்செதுக்கர்களும் செம்மைப்படுத்திய வடிவங்கள். சிப்பியின் விளிம்பை விரலால் தட்டிப் பார்த்தபோது ஃபைபரின் வெற்றொலி கேட்டது. அச்சில் வார்த்துப் பொன்வண்ணம் தெளித்த சோபா அது.

வேறுபாடும் உண்டு. அந்தச் சோபாவின் நடுவே ஒரு கோடு கிழித்தால் வலப்பாதியும் இடப்பாதியும் அணுவளவும் மாறாமல் ஒத்திருக்கும். நாற்காலிச் சட்டங்களில் அத்தகைய ஒப்புமை அக்காலத்திலும் வழக்கமே. ஆனால் சுவர்ப் பலகை, படச்சட்டம், வெள்ளிப் பாத்திரம், மெழுகுவத்தித் தண்டு ஆகியவற்றில் ரொக்கோகோ கலைஞர்கள் சிப்பியை ஒரு பக்கம் சாய்த்தார்கள். ஒரு வளைவை நீட்டி மறுவளைவைக் குறுக்கினார்கள். அப்படிச் செய்தும் மொத்தம் கவிழ்ந்துவிடாமல் நிறுத்தினார்கள். அந்தச் சமநிலையே இக்கலையின் உயிர். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பழைய பாணிகளை மீண்டும் செய்து விற்கும் மோகம் பரவியபோது சாய்வு பெரிதும் மறைந்து சிப்பியும் பொன்னும் தங்கின. தங்கள் சோபா அந்த மறுபதிப்பின் வழிவந்தது.

பெயரின் வேர் 'ரொக்காய்' என்ற பிரெஞ்சுச் சொல். தோட்டங்களில் செயற்கைக் குகை அமைத்து, அதன் உட்சுவரில் கரடுமுரடான கற்களையும் கிளிஞ்சல்களையும் பதித்து, நீர் வழியவிடுவது ஐரோப்பியச் செல்வர்களின் பழைய வழக்கம். அந்தக் கல்–சிப்பி வேலைக்குத்தான் ரொக்காய் என்று பெயர். ஒகேனக்கல்லில் காவிரி அரித்த பாறை விளிம்புகளைப் பார்த்தவர்களுக்கு இவ்வடிவத்தை அதிகம் விளக்க வேண்டியதில்லை: நேர்கோடு ஓரிடத்திலும் இராது, ஒவ்வொரு வளைவும் நீர் போன வழியைக் காட்டும். குகையின் அந்த ஒழுங்கற்ற ஓரங்கள் 1720, 1730களில் வீட்டுக்குள் நுழைந்து சுவரிலும் கூரையிலும் படர்ந்தபோது இந்தப் பாணி உருவாயிற்று. அதைச் செய்தவர்கள் தங்கள் வேலையைப் 'புதிய ரசனை' என்றே குறிப்பிட்டார்கள். 'ரொக்கோகோ' என்பது 1790களில், ழாக்–லூயி தாவீத் என்ற ஓவியரின் பட்டறையில், தாத்தா காலத்து ரசனையைப் பரிகசிக்கப் பிறந்த சொல் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பரிகாசப் பெயரே நிலைத்துவிட்டது.

கேள்வி: படங்களைப் பார்க்கும்போது பரோக், ரொக்கோகோ இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. மாணவர்களுக்கு எப்படி வேறுபடுத்திக் காட்டுவது?
– பள்ளி ஆசிரியை, பாலக்கோடு

பதில்: அளவிலிருந்து தொடங்குங்கள். ரொக்கோகோவுக்கு முந்திய ஐரோப்பியப் பாணியான பரோக், பெருங்கூட்டத்தைப் பார்த்துப் பேசும் கலை. ரொக்கோகோ ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரிடம் பேசும் கலை. வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபம் 73 மீட்டர் நீளமுடையது. அங்கே நடப்பவர் தம்மைச் சிறியவராக உணர வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்த அரண்மனையை எழுப்பிய பதினான்காம் லூயி 72 ஆண்டுகள் அரசாண்டு 1715 செப்டம்பர் 1 அன்று இறந்தார். அடுத்து முடிசூட வேண்டிய கொள்ளுப்பேரனுக்கு வயது ஐந்து. ஆட்சிப் பொறுப்பை ஏற்ற ஓர்லியான் கோமகன் அரசவையைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தார். 1722 வரை அது திரும்பவும் வெர்சாய்க்குப் போகவில்லை. பல ஆண்டுகளாக மன்னரின் கண்பார்வையிலேயே வாழ்ந்து பழகிய பிரபுக்கள் பாரிஸில் தங்களுக்கென்று மாளிகைகள் கட்டத் தொடங்கினார்கள். நகரத்து மனையில் 73 மீட்டர் மண்டபத்துக்கு ஏது இடம்? உரையாடவும் இசை கேட்கவும் சீட்டாடவும் ஏற்ற சிறிய அறைகளே தேவைப்பட்டன. மரபு வழிவந்த பெருந்தூண்களும் கனத்த பளிங்கும் அத்தகைய அறையில் மூச்சு முட்டச் செய்யும். அவற்றின் இடத்தில் மெல்லிய மரப்பலகைகள் வந்தன. அவற்றின் மீது வெண்ணிறமும் இளநீலமும் இளஞ்சிவப்பும் பூசி, செதுக்கிய விளிம்புகளில் மட்டும் தங்கத்தாள் ஒட்டினார்கள்.

ஒரே ஓர் அறையை வகுப்பில் காட்ட இயலுமென்றால், பாரிஸில் சுபீஸ் மாளிகையின் இளவரசி அறையைக் காட்டுங்கள். ஜெர்மான் போஃப்ரான் என்ற கட்டடக் கலைஞர் 1730களில் அமைத்த நீள்வட்ட அறை அது. சுவர் எங்கே முடிந்து கூரை எங்கே தொடங்குகிறது என்று மாணவர்களைக் கேளுங்கள். விரல் வைத்துக் காட்ட எவராலும் முடியாது. சன்னல், கதவு, நிலைக்கண்ணாடி ஆகியவை ஒரே உயர வளைவுகளாகச் சுற்றிவர, அவற்றுக்கு மேலே நாத்துவார் வரைந்த எட்டு ஓவியங்கள் பொருந்தியிருக்கின்றன. அவற்றைச் சுற்றிப் பொன்கொடிகள் நீலக் கூரையின் நடுவை நோக்கி ஏறுகின்றன. மூலை என்ற ஒன்று அந்த அறையில் இல்லை. ஓவியம் தனி, சுவர் தனி, நாற்காலி தனி என்று பிரிக்காமல் அறை முழுவதையும் ஒரே படைப்பாக எண்ணியதுதான் இப்பாணியின் பெரிய கண்டுபிடிப்பு என்பேன்.

கண்ணாடிகளைப் பற்றியும் சொல்லுங்கள். மின்விளக்கின் நிலையான ஒளியில் எடுத்த படங்கள் இந்த அறைகளுக்கு நியாயம் செய்வதில்லை. இவை மெழுகுவத்திக்காகக் கட்டப்பட்டவை. சுடர் அசையும்போது கண்ணாடியில் ஒளி அசையும், ஒளி அசையும்போது பொன்கொடி தானே வளர்வதுபோலத் தோன்றும். பென்னாகரம் பக்கத்துக் கூத்தில் கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள், வேடக்காரர் திரும்பும் ஒவ்வொரு முறையும் இரவில் எப்படி உயிர்கொள்கின்றன என்பதைத் தங்கள் மாணவர்களில் சிலராவது பார்த்திருப்பார்கள். அதே அணிகளைப் பகல் வெயிலில் பார்த்தால் மரமும் தாளும் பசையும்தான் தெரியும். கலைப்பொருளை அதற்குரிய வெளிச்சத்தில் எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை அந்த ஒரே ஒப்புமை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிடும்.

கால மாற்றத்தை ஒரே படத்தில் காட்ட விரும்பினால், அந்துவான் வத்தோ வரைந்த கடைப் பலகை இருக்கிறது. பாரிஸில் ஓவியம் விற்ற ஜெர்சேன் என்ற நண்பரின் கடைக்காக 1720 வாக்கில் அவர் வரைந்தது. இப்போது பெர்லினில் இருக்கிறது. காச நோயால் நலிந்திருந்த வத்தோ, காலை நேரங்களில் மட்டும் உழைத்து எட்டு நாட்களில் அதை முடித்தார் என்று அந்தக் கடைக்காரரே எழுதியிருக்கிறார். படத்தின் இடப்பக்கத்தைக் கவனியுங்கள்: பணியாள் ஒருவர் பதினான்காம் லூயியின் உருவப்படத்தை மரப்பெட்டிக்குள் வைக்கோலோடு இறக்குகிறார், இளஞ்சிவப்புப் பட்டாடை அணிந்த ஒரு பெண் அதை ஒரு கணம் திரும்பிப் பார்த்தவாறே கடைக்குள் ஏறுகிறார். ஒரு யுகத்தைப் பெட்டியில் வைத்து மூடுவதை இதைவிட மென்மையாக எவரும் வரைந்து நான் கண்டதில்லை. 1721இல், தம் 36ஆம் வயதில், வத்தோ இறந்தார்.

கேள்வி: கோயில் திருப்பணிகளில் சுதை வேலை செய்கிறேன். ஐரோப்பியத் தேவாலயக் கூரைகளில் உள்ள பூவேலையும் சுதைதான் என்றார்கள். எங்கள் முறையும் அவர்கள் முறையும் ஒன்றா?
– சுதைச் சிற்பி, தருமபுரி

பதில்: இந்தக் கேள்விக்காகத் தங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ரொக்கோகோவின் உச்சம் பிரெஞ்சு மாளிகைகளில் இல்லை, தெற்கு ஜெர்மனியின் பவேரியப் பகுதியில் சுதைக்காரர்கள் கட்டிய தேவாலயங்களில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

பொருளில் உறவு உண்டு, பக்குவத்தில் வேறுபாடு உண்டு. நம் முறையில் செங்கல்லை அடுக்கி உரு எழுப்பி, நீண்ட நாள் ஊறிய சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துப் பூசி உருவம் பிடிக்கிறோம். சுண்ணாம்பு காற்றை உண்டு மெல்ல இறுகுவதால் கைக்கு நேரம் கிடைக்கிறது. பவேரியாவில் சுண்ணாம்போடும் மணலோடும் ஜிப்சத்தையும் சேர்த்தார்கள். ஜிப்சம் விரைவில் இறுகிவிடும். அதைத் தாமதப்படுத்தத் தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரம் போன்ற பசையை நீரில் கரைத்துக் கலந்தார்கள். திரும்பத் திரும்ப வரும் விளிம்புகளுக்கு அச்சு வைத்தார்கள். சிப்பியும் கொடியும் குழந்தை உருவங்களும் அமையும் இடங்களில், ஆணியும் கம்பியும் அடித்த கூரைப் பரப்பின் மீதே கலவையை அப்பி, அது இறுகுவதற்குள் கரண்டியாலும் விரலாலும் உருவத்தை எடுத்தார்கள். வரைபடம் கையில் இருந்தாலும் முடிவான கோடு அந்தச் சில நிமிடங்களில் அந்தக் கையில்தான் பிறந்தது. எனவேதான் ஒரே கூரையில் இரண்டு சிப்பிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. நம் கோபுரங்களிலும் பழைய சுதை உருவங்களில் அப்படித்தான், ஒரு யாளியின் முகம் மற்றொரு யாளிக்கு வராது. சிமெண்டும் ரப்பர் அச்சும் வந்த இடங்களில் அந்த வேறுபாடு அழிந்து வருவதைத் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள்.

வெசோபுருன் என்ற சிற்றூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுதை வேலையில் தேர்ந்து, நூற்றுக்கணக்கான கலைஞர்களை ஐரோப்பாவின் பல நாடுகளுக்கு அனுப்பின. அங்கே பிறந்தவர்கள் சிம்மர்மன் சகோதரர்கள். அண்ணன் யோஹான் பாப்டிஸ்ட் சுதையோடு ஓவியமும் வல்லவர். தம்பி டொமினிகுஸ் சுதைக்காரராகத் தொடங்கிக் கட்டடக் கலைஞராக உயர்ந்தவர். இருவரும் சேர்ந்து 1745 முதல் 1754 வரை ஆல்ப்ஸ் மலையடிவாரப் புல்வெளி ஒன்றில் எழுப்பியதுதான் வீஸ் யாத்திரைத் தேவாலயம். அதன் வரலாறு நமக்கு அந்நியமாகத் தோன்றாது. கசையடி பட்ட இயேசுவின் மரத்திருமேனி ஒன்று, ஊர்வலத்துக்காகச் செய்யப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டு, ஒரு விவசாயியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 1738இல் அதன் கண்களில் நீர் கண்டதாக அந்த வீட்டார் சொன்னார்கள். செய்தி பரவ மக்கள் திரளாக நடந்துவரத் தொடங்கினார்கள். வயல்வெளியில் இருந்த சிறு வழிபாட்டிடம் போதவில்லை. அருகிலிருந்த ஸ்டைன்காடன் மடம் பெரிய ஆலயத்தைக் கட்ட முடிவெடுத்தது.

நான் அதைப் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். என்றாலும் எத்தனை முறை பார்த்தேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. வெளியே எளிய வெண்சுவர். உள்ளே நீள்வட்டக் கூடம். இரட்டை இரட்டையாக நிற்கும் வெண்தூண்கள். அவற்றுக்குப் பின்னால் விந்தையான வடிவில் வெட்டிய சன்னல்களிலிருந்து வரும் வெளிச்சம். தூண்களுக்கு மேலே சுதை தன் கரையை மீறுகிறது: சிப்பியின் விளிம்பு நுரைபோலச் சுருண்டு ஓவியத்துக்குள் நீள்கிறது, ஓவியத்தின் மேகம் சுதையின் மேல் வந்து அமர்கிறது. அந்தக் கூரை கல் வளைவு அன்று; மரச்சட்டத்தில் பூச்சு ஏற்றிய, மிகத் தட்டையான வளைவு. அண்ணன் அதில் தீட்டிய வானம்தான் அதை உயரமாகக் காட்டுகிறது. வானவில்லின் மேல் இயேசு. ஒரு முனையில் இன்னும் எவரும் அமராத தீர்ப்பு அரியணை. எதிர்முனையில் மூடிய நித்தியத்தின் வாயில். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலின் விதான ஓவியங்களைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தவர்களுக்கு, தலைக்கு மேல் கதை விரியும்போது தரையில் நிற்பவரின் உடல் என்ன உணர்கிறது என்பது தெரிந்திருக்கும்.

டொமினிகுஸ் சிம்மர்மன் வேலை முடிந்த பின்னும் ஊர் திரும்பவில்லை. அந்த ஆலயத்தின் அருகிலேயே ஒரு வீட்டில் குடியேறி 1766இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். 1983இல் யுனெஸ்கோ அந்த ஆலயத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பிரபுக்களின் பொழுதுபோக்குக் கலை என்று ரொக்கோகோவை ஒதுக்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஆலயத்தைத்தான். அது உழவர்கள் நடந்துவந்து முழந்தாளிட்ட இடம்.

மேலும் ஒரு சிறு செய்தி தங்கள் தொழிலுக்குப் பயன்படலாம். ம்யூனிக் நகரில் நிம்ஃபன்புர்க் அரண்மனைத் தோட்டத்தில் இருக்கும் அமாலியன்புர்க் என்ற வேட்டை மாளிகை 1734க்கும் 1739க்கும் இடையே பிரான்சுவா கூவியே வடிவமைத்தது. அதன் சுதையும் மேற்சொன்ன அண்ணன் செய்ததே. நடுவிலுள்ள வட்டமான கண்ணாடிக் கூடத்தில் பொன்னுக்குப் பதில் வெள்ளித்தாள் ஒட்டியிருக்கிறார்கள், பின்னணி இளநீலம். பறவைகளும் மரங்களும் கொடிகளும் கூரை விளிம்பிலிருந்து எழும்பி நிற்கின்றன. பொன் கண்ணை நிறுத்தும், வெள்ளி கண்ணைப் போகவிடும் என்பதை அந்த ஓர் அறை உணர்த்துகிறது.

கேள்வி: இந்தக் கலைக்கும் நம் நாட்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? புடவையின் மாங்காய்க் கரை அதிலிருந்து வந்ததா?
– வாசகி, ஓசூர்

பதில்: மாங்காய் அங்கிருந்து வரவில்லை, பாரசீகத்திலும் காஷ்மீரிலும் வளர்ந்த பூவடிவம் அது. மாம்பழ மாவட்டத்துக்காரர்கள் அதைத் தம்முடையதாகக் கொள்வதில் நியாயம் உண்டு. ஆனால் எதிர்த்திசையில் சென்ற பொருள்கள் பல. சோழமண்டலக் கரையில் நெய்து சாயமிட்டு வரைந்த பருத்தித் துணிகளின் மீது ஐரோப்பியருக்கு இருந்த மோகம் எத்தகையதென்றால், உள்நாட்டு நெசவைக் காக்க பிரான்ஸ் 1686இல் அவற்றைத் தடை செய்தது; 1759 வரை அந்தத் தடை நீடித்தது. சீனத்தில் செய்த அரக்குப்பூச்சுத் தட்டிகள் நம் கரைத் துறைமுகங்கள் வழியே கப்பலேறியதால், அவற்றுக்கே 'கொரமாண்டல்' (சோழமண்டலம் என்பதன் திரிபு) என்ற பெயர் ஐரோப்பாவில் நிலைத்துவிட்டது. பாரிஸ் தச்சர்கள் கீழைநாட்டு அரக்குத் தட்டிகளை மெல்லிய தகடுகளாக அறுத்து, வளைந்த வயிறுடைய அலமாரிகளின் மேல் ஒட்டினார்கள். தட்டையான பலகையை வளைவின் மேல் வெடிக்காமல் படியவைப்பது எளிய வேலை அன்று.

நம் நாட்டில் இந்தப் பாணியின் செதுக்கலைக் காண வேண்டுமென்றால், கோவாவில் போர்த்துக்கீசியர் காலத்துத் தேவாலயங்கள் சிலவற்றின் பீடங்களையும் பிரசங்க மேடைகளையும் பாருங்கள்.

கேள்வி: பிராகொனாரின் 'ஊஞ்சல்' ஓவியத்தை இணைய வகுப்பில் காட்டினார்கள். மக்கள் பட்டினி கிடந்த நாட்டில், பட்டாடைச் சீமாட்டி ஊஞ்சலாடுவதை வரைந்த கலையை நாம் ஏன் மதிக்க வேண்டும்?
– கல்லூரி மாணவி, தருமபுரி

பதில்: தங்கள் கோபம் நேர்மையானது, அதைக் குறைக்க நான் முயலமாட்டேன். அந்த மாளிகைகளைக் கட்டிய செல்வம் வரி கொடுத்த குடியானவர்களிடமிருந்தும், கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வதைபட்ட ஆப்பிரிக்க மக்களின் உழைப்பிலிருந்தும் வந்தது. அந்த உண்மையை மறைத்துவிட்டு இந்தக் கலையைப் பேசுவது சரியன்று. அக்காலத்திலேயே கண்டித்தவர்களும் உண்டு. மெய்யியலாளர் திதரோ, அக்காலத்துப் புகழ்பெற்ற ஓவியர் பூஷேயின் ஓவியங்களில் எல்லாம் இருக்கிறது, உண்மை மட்டும் இல்லை என்ற கருத்தில் கடுமையாக எழுதினார். செதுக்கோவியர் கொஷேன் 1754இல் ஒரு பத்திரிகையில் பொற்கொல்லர்களுக்கு வேண்டுகோள் விடுத்தார்: ஒரு பாத்திரத்தில் கூனைப்பூ (ஆர்ட்டிசோக்) என்ற காயை இயல்பான அளவில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் விரலளவு முயலை வைக்காதீர்கள், நேராக இருக்க வேண்டியதை நேராக விடுங்கள் என்பது அதன் சாரம். பாணி தளர்ந்து வந்ததை அந்தக் கடிதம் சரியாகவே பிடித்தது.

இனி ஓவியத்துக்கு வருவோம். 1767 வாக்கில் வரையப்பட்டு இன்று லண்டன் வாலஸ் தொகுப்பில் இருக்கும் 'ஊஞ்சல்', நாம் எண்ணுவதைவிடச் சிறியது. உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஒரு சீமான் தம் காதலியை ஊஞ்சலில் வைத்து வரையுமாறும், ஒரு பேராயர் அதைத் தள்ளுவதாகக் காட்டுமாறும் வேறோர் ஓவியரிடம் கேட்டதாகவும், அவர் மறுத்துப் பிராகொனாரைக் கைகாட்டியதாகவும் ஒரு குறிப்பு உண்டு. பிராகொனார் பேராயரை நீக்கிவிட்டு, நிழலில் கயிறு இழுக்கும் ஒரு முதியவரை வைத்தார். ஊஞ்சல் நமக்குத் தெரியாத பொருள் அன்று. கல்யாணத்திலும் கோயிலிலும் அது இருக்கிறது. முன்னே வந்த ஊஞ்சல் திரும்புவதற்கு முன் ஒரு கணம் எடையற்று நிற்குமல்லவா? அந்தக் கணத்தைத்தான் அவர் பிடித்திருக்கிறார். கால் நீள்கிறது, காலணி கழன்று பறக்கிறது, பாவாடையின் இளஞ்சிவப்பு அலை பின்தங்குகிறது. மரக்கிளையும் பாவாடையும் மேகமும் ஒரே வளைவைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. சுபீஸ் மாளிகைச் சுவரில் ஓடிய அதே வளைவு. இதை வரைந்த தூரிகையின் திறமையை மதிப்பதற்கு, வரையச் சொன்ன சீமானை மதிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 

பெண்கள் அங்கே வெறும் பொம்மைகளாகவே வரையப்பட்டார்கள் என்று எண்ணிவிடவும் வேண்டாம். மன்னர் பதினைந்தாம் லூயியின் காதலியான போம்பதூர் சீமாட்டியைப் பூஷே 1756இல் வரைந்த படத்தில், அலையலையான பட்டாடைக்கு நடுவே அவர் கையில் திறந்த புத்தகம் இருக்கிறது. பின்னால் கண்ணாடியில் புத்தக அலமாரி தெரிகிறது. கந்தான் தெ லா தூர் வண்ணக்கட்டியால் வரைந்த மற்றொரு படத்தில் அவர் மேசை மேல், அரசும் திருச்சபையும் வெறுத்த, திதரோ தொகுத்த கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதி நிற்கிறது. செவ்ர் பீங்கான் ஆலைக்கு அவர் அளித்த ஆதரவில் எத்தனையோ கைவினைஞர்கள் தொழில் கற்றார்கள். வெனிஸைச் சேர்ந்த ரொசால்பா கரியேரா என்ற ஓவியர் 1720இல் பாரிஸுக்கு வந்தபோது, அரச ஓவியக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. வண்ணக்கட்டி ஓவியத்தை பிரான்ஸில் பெருவழக்காக்கியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

கேள்வி: மரச்செதுக்கு வேலை செய்கிறேன். ஒரு வீட்டு இரட்டைக் கதவுக்கு இந்தப் பாணியில் வேலை கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
– தச்சர், காவேரிப்பட்டணம்

பதில்: தாளை நடுவில் மடித்துப் பாதி வரைந்து வெட்டிப் பிரிக்கும் பழக்கத்தை ஒரு நாளைக்குக் கைவிடுவதிலிருந்து தொடங்குங்கள். மடித்த தாளில் இந்தப் பாணியின் உயிர் வராது. அசல் அளவில் பழுப்புத் தாளைச் சுவரில் ஒட்டி, தோளிலிருந்து கையை வீசி முதலில் ஒரு பெரிய 'எஸ்' வளைவை இழுங்கள். அது பலகையின் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை ஆளட்டும். அதன் முதுகில், எதிர்ப்பக்கம் திரும்பிய ஒரு சிறிய 'சி' வளைவைச் சாய்த்து வையுங்கள். இரண்டும் தொடும் இடத்தில்தான் சிப்பி பிறக்க வேண்டும். தனியே வரைந்து பிறகு கொண்டுவந்து ஒட்டிய சிப்பி எப்போதும் ஒட்டியதாகவே தெரியும். இலையும் பூவும் வளைவு திரும்பும் இடத்தில் மட்டும் கிளைக்கட்டும்.

தங்களுக்கு வந்திருப்பது இரட்டைக் கதவு என்பது நல்வாய்ப்பு. நிக்கோலா பினோ போன்ற பாரிஸ் மரச்செதுக்கர்கள் ஒரு பலகையில் சிப்பியை வலப்பக்கம் சாய்த்தால், அதற்கு இணையான பலகையில் இடப்பக்கம் சாய்ப்பார்கள். தனித்தனியே பார்க்கும்போது நிலைகுலைந்தவை போலத் தோன்றும் இரண்டும், சேர்த்துப் பார்க்கும்போது ஒன்றை ஒன்று தாங்கும். எனவே ஒரு கதவுக்கு வரைந்த தாளைக் கவிழ்த்து மறு கதவுக்கு வையுங்கள்.

அவர்கள் பெரும்பாலும் ஓக் மரத்தில் செதுக்கினார்கள். தங்களுக்குத் தேக்கு போதும். மேற்பரப்பிலிருந்து செதுக்கு எழும்பும் உயரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டாம். வளைவின் நடுவில் தடித்து, முனையில் பலகையோடு கரைந்துவிட வேண்டும். உளியை அங்கே படுக்கவைத்து ஓட்டுங்கள். தங்கத்தாள் ஒட்டக் கேட்டால், தஞ்சாவூர் ஓவியத்துக்குச் சுண்ணப்பொடியும் பசையும் கலந்து மேடு எழுப்புவது போலவே அங்கும் சுண்ணப்பொடியைத் தோற்பசையில் குழைத்துப் பல பூச்சுகள் பூசி, செங்களிமண் பூச்சின் மேல் தங்கத்தாளைப் படியவைத்து, அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். உயர்ந்த விளிம்புகளை மட்டும் மெருகேற்றி, பள்ளங்களை மங்கலாக விட்டால் வளைவு எடுப்பாகத் தெரியும்.

வீட்டுக்காரர் பலகை முழுவதையும் நிரப்பச் சொல்லக்கூடும். சுபீஸ் மாளிகையின் சுவர்ப் பலகைகளில் நடுப்பகுதி பெரும்பாலும் வெறுமையான வெண்பரப்புதான். வேலை முழுவதும் மேலும் கீழும் ஓரங்களிலும் இருக்கிறது. அந்தப் படத்தை அவருக்குக் காட்டி, கதவின் நடுவில் இரண்டடி உயரத்துக்காவது மரத்தை மரமாகவே விட்டுவிடுங்கள்.